இரண்டாவது சாவி யார் இடுப்பில்?



நான் வங்கியில குமாஸ்தா. எங்க பணப்பெட்டகத்துக்கு ரெண்டு சாவி. ஒண்ணு மேனேஜர்கிட்ட, இன்னொண்ணு தலைமைக் காசாளர்கிட்ட. தனியாளா ஒருத்தரும் திறக்க முடியாது.

அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, ஜனாதிபதியின் நியமன அதிகாரத்துக்கும் இப்படித்தான் பூட்டுப் போட்டிருக்கிறது. தூதர், நீதிபதி, துறைச் செயலாளர் போன்றவர்களை ஜனாதிபதி முன்மொழியலாம். செனட் சபை சம்மதித்தால்தான் நியமனம். கீழ்நிலை அதிகாரிகளை நியமிக்கும் வேலையை ஜனாதிபதியிடமோ, துறைத் தலைவரிடமோ, நீதிமன்றத்திடமோ காங்கிரஸ் சட்டம் போட்டு ஒப்படைக்கலாம். வெள்ளை மாளிகையில் கூடவே இருக்கிற ஆலோசகர்களுக்குச் செனட் சம்மதம் தேவையில்லை.

நல்ல ஏற்பாடுதானே? ராஜா மாதிரி ஒருத்தர் எல்லா நாற்காலியிலும் தன் ஆட்களையே உட்கார வைக்க முடியாது. சரி. ஆனா அந்த ரெண்டாவது சாவி யார் இடுப்புல தொங்குது?

பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று 1954-இல் வாதாடித் தீர்ப்பு வாங்கிய கறுப்பின வழக்கறிஞர் தர்குட் மார்ஷல். 1961-இல் அவரை மேல்முறையீட்டு நீதிபதியாகக் கென்னடி முன்மொழிந்தார். செனட்டின் நீதித்துறைக் குழுத் தலைவர் மிசிசிப்பி மாநிலத்து ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட். பருத்திப் பண்ணை முதலாளி. நிறப்பிரிவினையை வெளிப்படையாக ஆதரித்தவர். அவர் மாநிலத்துக் கறுப்பர்களில் மிகப் பெரும்பாலோரை வாக்காளர் பட்டியலிலேயே சேர்க்காத காலம் அது. அப்படி வந்தவர் கையில்தான் சம்மதம் என்கிற சாவி. கோப்பு நகரவில்லை.

செனட் கூடாத இடைவேளையில் ஜனாதிபதி தற்காலிகமாக நியமிக்கலாம் என்று அதே சட்டத்தில் ஒரு பக்கவாசல் உண்டு. அந்த வழியாகத்தான் அக்டோபரில் மார்ஷல் நாற்காலிக்கு வந்தார். செனட் ஒப்புதல் தந்தது 1962 செப்டம்பரில். ஆதரவு 54, எதிர்ப்பு 16. ஏறக்குறைய ஒரு வருஷ இழுத்தடிப்பு.

அந்தப் பக்கவாசலை 2014-இல் நோயல் கேனிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் குறுக்கிவிட்டது. பத்து நாளுக்குக் குறைந்த இடைவேளை பொதுவாகப் போதாது என்றது. தொழிலாளர் உறவு வாரியத்துக்கு ஒபாமா செய்த மூன்று நியமனங்கள் செல்லாமல் போயின.

வரம்பே வேண்டாம்னு நான் சொல்ல வரலை. வரம்பில்லாத அதிகாரம் முதல்ல மிதிக்கிறது கீழே கிடக்கிறவனைத்தான். ஆனா அதிகாரத்துக்கு வரம்பு இருக்குன்னு சட்டப்புத்தகத்துல படிச்சதோட திருப்திப்பட்டுடாதீங்க. வரம்பைக் காவல் காக்கிற சபையில யார் உட்கார்ந்திருக்காங்க, அவங்களை அனுப்பினவங்க யார், ஓட்டுப் பட்டியல்ல விடுபட்டவங்க யார்னு கேளுங்க. மிசிசிப்பியில் அந்தப் பட்டியல் திறக்க 1965 வாக்குரிமைச் சட்டம் வரைக்கும் போராட வேண்டியிருந்தது.