படிப்பகங்களில் உருவான தேர்தல் களம்

1967இல் தமிழ்நாட்டில் காங்கிரஸ் ஏன் வீழ்ந்தது என்று கேட்டால், அரிசித் தட்டுப்பாடு, 1965 இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி, எம்.ஜி.ஆர். சுடப்பட்டது என்று மூன்று காரணங்களை அடுக்கிவிட்டுப் பேச்சை முடித்துவிடுகிறார்கள். மூன்றும் உண்மைதான். ஆனால் மக்களின் கோபம் மட்டுமே ஆட்சியை மாற்றிவிடும் என்றால், 1952லேயே மாறியிருக்க வேண்டுமே! அன்றும் உணவுப் பஞ்சம் இருந்தது. ஆந்திரமும் மலபாரும் சேர்ந்திருந்த அன்றைய சென்னை மாநிலத்தில் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152தான். பெரும்பான்மை போயிற்று, ஆட்சி போகவில்லை. கம்யூனிஸ்டுகள் 62 இடங்களை வென்றும், மற்ற எதிர்ப்பெல்லாம் பல கட்சிகளாகவும் சுயேச்சைகளாகவும் சிதறிக் கிடந்தது. மேலவை வழியாக வந்து ராஜாஜி முதலமைச்சரானார். அந்தக் கோபத்தை ஒரே சின்னத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க ஊருக்கு ஊர் ஆளில்லை.

அந்த ஆட்களைத்தான் 1949இல் பிறந்த தி.மு.க. வளர்த்தது. 1952 தேர்தலில் அது நிற்கவே இல்லை. நிற்கலாமா என்று 1956 திருச்சி மாநாட்டுக்கு வந்தவர்களிடமே வாக்குப் பெட்டி வைத்துக் கேட்டது. தேர்தலில் நிற்காத அந்த ஆண்டுகளிலும் கட்சியின் படிப்பகங்கள் திறந்திருந்தன. முடிதிருத்தகத்திலும் தேநீர்க் கடையிலும் ஒருவர் ஏட்டை உரக்கப் படிக்க, எழுத்தறியாதவரும் கேட்டு வாதாடினார். 1957இல் 15 பேர் சட்டமன்றம் போனார்கள். 1959இல் சென்னை மாநகராட்சியின் 100 இடங்களில் 45 வந்தன. 1961இல் முன்னணித் தலைவர்களில் ஒருவரான சம்பத் கட்சியிலிருந்து பிரிந்தார். 1962இல் காஞ்சிபுரத்தில் கட்சியின் தலைவர் அண்ணாவே தோற்றார். தலைவர்களின் கவர்ச்சியில் மட்டும் நின்ற கட்சியானால் அத்தோடு கதை முடிந்திருக்கும். அதே தேர்தலில்தான் 15 இடம் 50 ஆயிற்று!

கூட்டணிக் கணக்குதான் 1967இல் ஜெயித்தது என்பார்கள். காங்கிரசுக்கு அப்போதும் ஏறத்தாழ 41 விழுக்காடு வாக்கு இருந்தது, தி.மு.க.வைவிடச் சற்றே அதிகம். கூட்டணி இல்லாமல் அந்த வெற்றி இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சுதந்திராக் கட்சியும் மார்க்சிஸ்டுகளும் எதைச் சுற்றி வந்து நின்றார்கள்? 1962லேயே நான்கில் ஒரு பங்குக்கு மேல் வாக்கு வாங்கிய கட்சியைச் சுற்றித்தானே! தோற்ற காங்கிரசும் அழிந்துவிடவில்லை. எந்தத் தொகுதியையும் எந்தக் கட்சியும் தன் சொத்தென்று நினைக்க முடியாத நிலை வந்தது. விருதுநகரில் காமராசரே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். வாக்காளருக்கு மதிப்பு அங்கேதான் பிறந்தது.

தேர்தலுக்கு ஆறு மாதம் முன்னால் அலுவலகம் திறந்து, 1967 திரும்பும் என்று முழங்குகிறவர்கள் உங்கள் ஊருக்கும் வருவார்கள். அவர்களிடம் கேளுங்கள்: எங்கள் தெருவில் உங்கள் படிப்பகம் எங்கே? போன ஆண்டு எங்களுக்குத் தண்ணீர் வராதபோது உங்கள் கிளைச் செயலாளர் யார்?