கைக்கும் கல்வி உண்டு

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டிக் கனகசெட்டிக்குளத்தில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில், படித்துப் பட்டம் பெற்றவர்களையும் அரசுப் பணியில் அமர்ந்தவர்களையும் பாராட்டுகிறோம், அது முறையே. எனினும் கல்வி ஏட்டோடு முடிவதன்று. கைக்கும் கல்வி உண்டு. அதனை எண்ணிப் பார்க்கவே ஓர் ஓவியரின் வாழ்வை இன்று எடுத்துக்கொண்டோம்.

வங்காளத்துப் பாங்குராவில் 1906-ஆம் ஆண்டு பிறந்தவர் ராம்கிங்கர் பைஜ். ஏழை நாவிதர் குடும்பம். அவர் நம் சமூகத்தவர் அல்லர். ஆயினும் தொழிலைக் காட்டி மனிதனைத் தாழ்த்தும் கொடுமையை அக்குடும்பமும் அறியும். நிலமோ பொருளோ அவருக்கு மரபுரிமையாகக் கிட்டவில்லை. உழைக்கும் கையும், மண்ணில் உருவம் வனையும் ஊர்க் கைவினைஞரைக் கூர்ந்து நோக்கிய கண்ணுமே அவர் பெற்ற சொத்து.

ஒத்துழையாமை இயக்க நாட்களில் இளைஞர் ராம்கிங்கர் விடுதலைத் தலைவர்களின் உருவங்களை வரைந்தார். அவர் திறனைக் கண்ட இதழாசிரியர் இராமானந்த சட்டர்ஜியின் துணையால் 1925-இல் சாந்திநிகேதனம் சென்றார். அங்கே நந்தலால் போஸ் அவருக்கு ஆசிரியரானார். ஐரோப்பியப் புத்தோவிய முறைகளையும் அவர் தமதாக்கிக்கொண்டார். ஆனால் கருப்பொருளை அயலில் தேடவில்லை. அண்மையில் வாழ்ந்த சந்தால் பழங்குடி மக்களையே வரைந்தார், வடித்தார்.

1938-இல் அவர் அமைத்த 'சந்தால் குடும்பம்' சிலையில் தந்தை காவடி சுமந்து நடக்கிறான். அதன் கூடையில் ஒரு குழந்தை. தாயின் இடுப்பில் மற்றொரு குழந்தை. உடன் ஒரு நாய். பளிங்கோ வெண்கலமோ அன்று. சிமெண்டும் அம்மண்ணின் செந்நிறச் சரளையுமே அதன் பொருள். அரசர்க்கும் தெய்வங்கட்கும் உரியதாயிருந்த பேருருவை உழைப்பாளிக்கு அளித்தார். நம் சென்னைக் கடற்கரையில் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை எழுந்தது 1959-இல். அதற்கு 21 ஆண்டுகள் முன்னரே இது நிகழ்ந்தது. 1970-இல் அரசு அவருக்குப் பத்மபூஷண் வழங்கியது, 1980-இல் மறைந்தார்.

"ஓவியம் சோறு போடுமா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ராம்கிங்கரும் செல்வம் சேர்த்தவர் அல்லர். ஆனால் ஒன்றைச் சிந்திப்போம். நெடுங்காலமாக நம்மைப் பிறரே வரைந்தனர். அப்படங்களில் நாம் பெரும்பாலும் குனிந்தே நிற்கிறோம். நம் பாட்டன் நிமிர்ந்து நின்றதை வரைய நம் பிள்ளையின் கையன்றி வேறு எந்தக் கை வரும்?

ராம்கிங்கருக்கு வழி பிறந்தது அவர் திறனை ஒருவர் கண்டுகொண்டமையால். நம் குழந்தைகளைக் கண்டுகொள்ளும் கடமை நம்முடையது. மாலை வகுப்பில் கணக்கோடும் ஆங்கிலத்தோடும் வாரம் ஒரு நாள் ஓவியத்திற்கும் இடம் தருவோம். திறனுடையோரை அரியாங்குப்பத்துப் பாரதியார் பல்கலைக்கூடத்திற்கு அனுப்பி வைப்போம். இக்கழகத்தின் பொன்விழா மலருக்கு நம் பிள்ளை ஒருவரே அட்டைப்படம் வரையட்டும்.