கனடா படிப்பும் பி.ஆர். கார்டும்
(சங்கக் கூட்டத்தில் பேசியது)

வங்கியில் கல்விக் கடன் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். 'கனடாவில் படித்தால் பி.ஆர். தானாகக் கிடைத்துவிடும் சார்' என்று சொல்லாத பெற்றோர் குறைவு. என் மகன் போனபோது நானும் அப்படித்தான் நம்பினேன்.

படிப்பு முடிந்ததும் அங்கே வேலை பார்க்க ஒரு பெர்மிட் தருவார்கள். ஆயுளில் ஒரு முறைதான். இரண்டு வருடப் படிப்புக்கு மூன்று வருடம், ஒரு வருட டிப்ளமோவுக்கு ஒரு வருடம். எல்லாக் கல்லூரிக்கும், எல்லாப் படிப்புக்கும் கிடையாது. ஏஜென்ட் சொன்னால் போதாது. பணம் கட்டுமுன் கனடா அரசின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள்.

எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், கனடா அனுபவப் பிரிவுக்கு அங்கேயே ஓராண்டு திறன் வேலை, அதாவது 1,560 மணி நேரம் வேண்டும். என் மகன் படிக்கும்போதே ஒரு கடையில் ராத்திரியில் பில் போட்டான். அந்த மணிகளையெல்லாம் நான் டைரியில் கூட்டிக்கொண்டே வந்தேன். முழுநேர மாணவனாக இருந்து பார்த்த வேலை ஒரு மணிகூடச் சேராது என்று பிறகுதான் தெரிந்தது. பில் போடுவது திறன் வேலையிலும் சேராதாம். கூட்டல் சரி, லெட்ஜர்தான் தப்பு!

கடன் காத்திருக்குமா? படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கிவிட்டது. பதினான்கு மாதம் என் பென்ஷனில்தான் கட்டினேன். கார்டு போன வருடம்தான் வந்தது.

உங்கள் பிள்ளை கிளம்புவதாக இருந்தால், ஆஃபர் லெட்டரோடு ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.