மீன்தொட்டிக்கு ஒரு வழிகால்



தோட்டப்புறத்து வீடுகளில் மீன் வளர்க்கும் ஆசை புதிதல்ல. போத்தலில் கப்பி மீன் வளர்த்துத் தொடங்கிய பிள்ளைகள், பெரியவர்களானதும் நான்கடிக் கண்ணாடித் தொட்டி வாங்கி முன்கூடத்தில் வைக்கிறார்கள். வேலை முடிந்து வந்த களைப்பு, அந்த மீன்களைப் பார்த்துக் கொண்டிருந்தால் பாதி போய்விடுகிறது. ஆனால், பெரிய தொட்டி என்பது பெரிய போத்தல் அன்று. அதற்கு வேண்டிய ஏற்பாடுகளில் மிக முக்கியமான ஒன்றைப் பற்றி இன்று பேசுவோம். அதுதான் வழிகால். கடைகளில் இதனை 'ஓவர்ஃபுளோ' என்று கேட்டால் கொடுப்பார்கள்.

முதலில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் குடியிருப்பது தோட்டத்து லயத்தில். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம், முப்பது ஆண்டுகள் காட்டு வேலை செய்து ஓய்ந்த ஓர் அம்மாவும் அவருடைய பேரனும். சில ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் நான்கடித் தொட்டி ஒன்று வாங்கினோம். அதன் கீழே இன்னொரு சிறிய தொட்டி. மேல்தொட்டித் தண்ணீர் வளைகுழாய் வழியே கீழே இறங்கும். கீழே வடிகட்டப்பட்டு, பம்பின் மூலம் மறுபடியும் மேலே ஏறும். ஒரு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

பிறகு ஒருநாள் பட்டணத்தில் ஒரு திருமணம். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனோம். இரவு திரும்பி வந்து கதவைத் திறந்தால், தரை முழுவதும் தண்ணீர். உள்ளே காலெடுத்து வைக்கப் போன எங்கள் மகளை, பக்கத்து வீட்டு அம்மாதான் "கால வைக்காதே!" என்று கத்தி நிறுத்தினார். தரையில் கிடந்த மின்பலகை தண்ணீருக்குள் இருந்தது. வாசற்சுவரில் இருந்த மெயின் சுவிட்சை அணைத்த பிறகே நாங்கள் உள்ளே போனோம்.

தண்ணீர் எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. சுவரின் அடியில் கசிந்து அடுத்த வீட்டுக்கும் போயிருந்தது. அந்த அம்மாவின் அரிசிப் பை நனைந்துவிட்டது. பேரனின் புத்தகப் பையும் தரையில்தான் இருந்தது. அவன் எங்கள் பள்ளி மாணவன். நாங்கள் திருத்திக் கொடுத்த கட்டுரை ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, மை கரைந்து கிடந்தன.

மறுநாள் புது அரிசியோடு மன்னிப்புக் கேட்கப் போனோம். அந்த அம்மா கோபப்படவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்: "வாத்தியாரய்யா, பள்ளத்துக் காட்டுல கன்னு நடுறதுக்கு முன்னால எங்களுக்கு என்ன வேலை குடுப்பாங்க? கால்வாய் வெட்டத்தான் விடுவாங்க. நீங்க தண்ணி வர்றதுக்கு மிசினு வச்சீங்க. போறதுக்கு என்ன வச்சீங்க?"

பயிற்சிக் கல்லூரியில் படித்த பாடத்தையும் மிஞ்சிய பாடம் அது. தண்ணீரை மேலே ஏற்றுவது பம்பு. அது மின்சாரத்தில் ஓடுகிறது. தண்ணீரைக் கீழே இறக்குவது வெறும் சரிவு. பம்பு வேண்டுமட்டும் இழுக்கும். சரிவு, வழி இருந்தால்தான் இறக்கும். வழி அடைபட்டதைப் பம்பு அறியாது. எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

கணக்கும் போட்டுப் பார்த்தோம். எங்கள் தொட்டி 120 சென்டிமீட்டர் நீளம், 45 சென்டிமீட்டர் அகலம். தண்ணீர் விளிம்புக்கு 3 சென்டிமீட்டர் கீழே நின்றது. அந்த இடைவெளியில் ஏறக்குறைய 16 லிட்டர் கொள்ளும். பம்போ கீழ்த்தொட்டியிலிருந்து 60 லிட்டரை மேலே ஏற்றியிருந்தது. 60-இல் 16 போனால் 44. அந்த 44 லிட்டர்தான் இரண்டு வீட்டுத் தரையிலும் ஓடியது.

வழி ஏன் அடைபட்டது? நாங்கள் வாங்கியது தொங்கு பெட்டி. தொட்டியின் விளிம்பில் இதை மாட்டிவிடலாம். கவிழ்ந்த 'ப' போன்ற வளைகுழாய் ஒன்று தண்ணீரை விளிம்புக்கு மேலே தூக்கி வெளியே விடும். எண்ணெய்ப் பீப்பாயில் ரப்பர் குழாயை விட்டு உறிஞ்சி இறக்குவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே முறைதான். குழாய் முழுவதும் தண்ணீர் நிறைந்திருக்கும் வரையில் ஓடும். காற்று புகுந்து மேல்வளைவில் தேங்கினால் நின்றுவிடும். நாங்கள் அந்தப் பெட்டிக்கு நேர் கீழே காற்றுக்கல்லை வைத்திருந்தோம். குமிழிகள் கொஞ்சம் கொஞ்சமாக வளைவில் சேர்ந்து, ஓட்டத்தை அறுத்துவிட்டன.

இனி, எதைத் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்போம்.

இரண்டடித் தொட்டியில் கப்பி வளர்ப்பவர்களுக்கு வழிகாலே வேண்டியதில்லை. காற்றில் இயங்கும் பஞ்சு வடிகட்டி ஒன்று போதும். கீழ்த்தொட்டி வைக்கிறவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு.

புதிதாகத் தொட்டி செய்யப் போகிறவர்கள், கண்ணாடியில் துளையிட்ட வழிகாலையே அமைத்துக் கொள்ளுங்கள். இதில் உறிஞ்சும் வேலை இல்லை. தண்ணீர் துளையின் மட்டத்துக்கு ஏறினால் தானாகவே இறங்கும். தொட்டியை ஒட்டுவதற்கு முன்பே, பின்பக்கக் கண்ணாடியின் மேற்பகுதியில் இரண்டு துளைகள் போடும்படி கண்ணாடிக் கடையில் சொல்லிவிட வேண்டும். அடிக்கண்ணாடியில் துளையிடுவதைவிட இது நல்லது; இணைப்பு கசிந்தாலும், துளைக்கு மேலுள்ள தண்ணீர் மட்டுமே போகும். துளைக்கும் கண்ணாடி ஓரத்துக்கும் நடுவே, ஒரு துளையின் அகலமாவது இடம் விட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. சூடேற்றிக் கடினமாக்கிய கண்ணாடியில் துளையிடவே கூடாது. நொடியில் தூள் தூளாகிவிடும். கடையில் ஆயத்தமாக விற்கும் தொட்டிகளில் அடிக்கண்ணாடி இவ்வகையாக இருப்பதுண்டு. கேட்டு உறுதி செய்யாமல் துளைக்கருவியைத் தொட வேண்டாம்.

ஏற்கெனவே மீன் நிறைந்த தொட்டி வைத்திருப்பவர்களுக்குத் தொங்கு பெட்டிதான் வழி. அது கெட்டதன்று, காவல் இல்லாமல் விட்டதே எங்கள் தவறு. ஒரு வளைகுழாய்க்குப் பதிலாக இரண்டு உள்ள பெட்டியாக வாங்குங்கள். காற்றுக்கல்லை எதிர்மூலையில் வையுங்கள். வளைகுழாயில் குமிழி தெரிகிறதா என்று தினமும் பாருங்கள்.

அடுத்தது அளவு. நான்கடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரமுள்ள தொட்டி ஏறக்குறைய 240 லிட்டர் கொள்ளும். தண்ணீரின் எடை மட்டுமே 240 கிலோ. ஆகவே, தாங்குமேசை உறுதியாகவும், ரசமட்டம் வைத்துச் சரிபார்த்ததாகவும் இருக்க வேண்டும். தொட்டி சாய்ந்திருந்தால் வழிகாலும் சாயும்.

இந்தத் தொட்டிக்கு மணிக்கு 700 முதல் 1,200 லிட்டர் வரை ஓட்டம் போதும். பம்புப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவை நம்ப வேண்டாம். அது உயரமே இல்லாமல் ஓடும்போது கிடைக்கும் அளவு. மேல்தொட்டி உயரத்தில் குழாயைப் பிடித்து, 10 லிட்டர் வாளி நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 30 நொடியில் நிறைந்தால், மணிக்கு 1,200 லிட்டர்.

ஏற்றும் குழாயைவிட இறக்கும் குழாய் பெரிதாக இருக்க வேண்டும். அரை அங்குலக் குழாயைவிட ஓர் அங்குலக் குழாய் இரண்டு மடங்கு பெரிது என்று பலர் நினைக்கிறார்கள். விட்டம் இரு மடங்கானால் வாயின் பரப்பு நான்கு மடங்காகும். அரை அங்குலத்தில் ஏற்றி, ஓர் அங்குலத்தில் இறக்குவது நல்ல முறை.

துளைகளைச் சுற்றி உட்பக்கம் ஒரு கண்ணாடிப் பெட்டி ஒட்டப்படும். அதன் மேல்விளிம்பில் சீப்புப் பல் போன்ற வெட்டுகள் இருக்கும். மீனும் இலையும் உள்ளே போகாமல் தடுப்பவை அவை. குஞ்சு மீன்கள் இருந்தால் வலை கட்டுங்கள். ஆனால் அந்த வலையை அடிக்கடி கழுவ வேண்டும். சீப்பின் மேல்விளிம்பு, தொட்டியின் விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கட்டும். பல்லெல்லாம் அடைபட்டாலும், தண்ணீர் சீப்பைத் தாண்டிப் பெட்டிக்குள் விழுமே தவிர, வீட்டுக்குள் விழாது.

இரண்டு துளைகளில் ஒன்று அன்றாட வேலைக்கு. மற்றொன்று ஆபத்துக்கு. ஆபத்துக் குழாயின் வாய் இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்திருக்கட்டும்; ஆனால் சீப்புப் பல்லின் அடியைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும். அதில் திருகுவிசை எதுவும் பொருத்தக் கூடாது. நல்ல நாளில் அதில் சொட்டுத் தண்ணீர்கூடப் போகாது. அது சும்மா இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள்.

இப்போது மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்று யோசிப்போம். பம்பு நிற்கும். சீப்புக்கு மேலுள்ள தண்ணீரெல்லாம் கீழே இறங்கும். நமது தொட்டியில் 2 சென்டிமீட்டர் இறங்கினாலே 11 லிட்டர் ஆகிறது. குழாயிலும் பெட்டியிலும் உள்ளது வேறு. ஆகவே, கீழ்த்தொட்டியில் 30 லிட்டருக்காவது வெற்றிடம் விட்டு வையுங்கள். ஏற்றும் குழாயின் நுனி ஆழத்தில் மூழ்கியிருந்தால், அதுவே உறிஞ்சுகுழாயாக மாறித் தொட்டியைக் கீழே இறக்கிவிடும். நுனி நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே இருக்கட்டும். அல்லது நீர்மட்டத்தை ஒட்டி அக்குழாயில் சிறு துளை ஒன்று போடுங்கள்; தண்ணீர் இறங்கியதும் அத்துளை வழியே காற்று புகுந்து ஓட்டத்தை நிறுத்திவிடும்.

இன்னொரு காவலும் உண்டு. கீழ்த்தொட்டியைத் தடுத்து, பம்பு இருக்கும் அறையைச் சிறிதாக்குங்கள். நமது கணக்கில் மேலே 16 லிட்டர்தான் கொள்ளும். ஆகவே, பம்பு எடுக்கக்கூடிய தண்ணீர் 16 லிட்டருக்குக் குறைவாக, 12 லிட்டர் என்று வைத்துக் கொள்ளுங்கள். வழிகால் முழுவதும் அடைபட்டாலும், பம்புக்குத் தண்ணீர் தீர்ந்துபோகும், தொட்டி வழியாது. பம்பு கெடலாம். பம்பை மறுபடி வாங்கலாம்.

மின்பலகையைத் தரையில் போடவே கூடாது. சுவரில், தொட்டியின் விளிம்பைவிட உயரத்தில் இருக்கட்டும். மின்கம்பி பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி ஏற வேண்டும். கம்பியில் ஓடும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் தானே நிறுத்தும் இ.எல்.சி.பி. வீட்டில் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்த்துக் கொள்ளுங்கள். தொட்டிக்குள் கையை விடுவதற்கு முன் சுவிட்சை அணைப்பதைப் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள்.

எல்லாம் பொருத்திய பிறகு மீனை விட அவசரப்படாதீர்கள். ஒட்டுப்பசை நன்றாகக் காய்ந்ததும், வெறும் தண்ணீரை நிரப்பி ஒரு நாள் முழுவதும் ஓட விடுங்கள். பிறகு நான்கு சோதனைகள். ஒன்று, சுவிட்சை அணையுங்கள், கீழ்த்தொட்டி வழிகிறதா? இரண்டு, மீண்டும் போடுங்கள். ஓட்டம் தானாகத் தொடங்குகிறதா? இவ்விரண்டையும் ஐந்தாறு முறை செய்து பாருங்கள். மூன்று, அன்றாடக் குழாயைத் துணியால் அடையுங்கள். ஆபத்துக் குழாய் முழு ஓட்டத்தையும் தாங்குகிறதா? நான்கு, இரண்டையும் அடையுங்கள். தொட்டி வழிவதற்கு முன் பம்புக்குத் தண்ணீர் தீர்கிறதா? இந்தக் கடைசிச் சோதனையின்போது, ஈரமில்லாத கையோடு ஒருவர் சுவிட்சின் அருகிலேயே நிற்க வேண்டும். தொங்கு பெட்டி வைத்திருப்பவர்களும் இந்தச் சோதனைகளைச் செய்யலாம்; மூன்றாவதில் வளைகுழாய்களில் ஒன்றை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

நேயர்களே, நாம் வீட்டில் இருக்கும்போது எல்லா ஏற்பாடும் நன்றாகத்தான் ஓடும். நாம் இல்லாத நேரத்தில் என்ன ஆகும் என்பதைத்தான் முன்கூட்டிப் பார்க்க வேண்டும். லயத்து வீட்டில் நம் தவறு நம்மோடு நிற்பதில்லை. சுவருக்கு அப்பாலும் போகிறது.

நனைந்துபோன அந்தக் கட்டுரைகளை, மூன்று மாலை அந்தப் பையனோடு உட்கார்ந்து புதிய ஏட்டில் எழுதி முடித்தோம். இன்று எங்கள் தொட்டிக்கு இரண்டு வழிகால்கள் இருக்கின்றன. நாங்கள் வெளியூர் போகும்போது, சுவிட்சு எது என்று காட்டி, சாவியை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறோம். அதுவே எங்கள் மூன்றாவது வழிகால்.