முதல் மதிப்பெண்ணும் மனத்தளர்ச்சியும்

ஐ.ஐ.எம். எனப்படும் இந்திய மேலாண்மைக் கழகங்களுள் முதலிரண்டும் 1961-இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் தோன்றின. இக்கழகங்களில் முதுநிலைக் கல்வி பயில விரும்பும் பட்டதாரிகள் 'கேட்' என்னும் பொதுச் சேர்க்கைத் தேர்வை எழுதுகின்றனர். பணியின் பொருட்டு வெளிமாநிலங்களில் குடியேறிய நம் குடும்பப் பிள்ளைகளும் இதற்கு முயல்கின்றனர். ஆயின், முதல் மாதிரித் தேர்வில் மதிப்பெண் குறைந்ததுமே புத்தகத்தை மூடி வைத்துவிடுவோர் பலர். அருகிருந்து தேற்ற அண்ணனோ அத்தானோ இல்லாத அயலூரில் இத்தளர்ச்சி இன்னும் மிகுகின்றது.

கல்லூரியில் முதல் வகுப்பில் தேறியவர்களும் இங்கே தடுமாறுவது ஏன்? கல்லூரித் தேர்வில் எல்லா வினாக்களுக்கும் விடை எழுதிப் பழகியிருக்கிறோம். இத்தேர்விலோ எதை விடுவது என்றும் அறிதல் வேண்டும். மொழித்திறன், தரவும் தருக்கமும், கணிதம் என்ற மூன்று பகுதிகளுக்கும் தனித்தனியே 40 நிமிடங்களே உண்டு. சரியான விடைக்கு 3 மதிப்பெண். கொடுத்த விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாவில் தவறினால் 1 குறையும். அத்தகைய வினாக்கள் பத்துக்கு விடையளித்து, நான்கு சரியாகி ஆறு தவறினால் கிடைப்பது 6. ஐயமுள்ள நான்கைத் தொடாமல் விட்டு, அதே நான்கு சரியாகி இரண்டே தவறினால் 10. அறிவு கூடவில்லை, மதிப்பெண் கூடிற்று!

ஆகவே, மாதிரித் தேர்வு முடிந்ததும் மொத்த மதிப்பெண்ணை மட்டும் நோக்கி வருந்துதல் வேண்டா. தவறுகளை ஒரு குறிப்பேட்டில் மூன்றாகப் பிரிப்போம்: அறியாதவை, அறிந்தும் அவசரத்தால் பிழைத்தவை, நேரமின்றி விடுபட்டவை. முதல்வகைக்குப் பாடத்தை மீண்டும் படித்தலே மருந்து. இரண்டாவதற்கு வினாவை நிதானமாகப் படித்தல் வேண்டும். மூன்றாவதற்கு, சிக்கலான கணக்கை உரிய வேளையில் கைவிடும் துணிவு வேண்டும். ஒரு தேர்வை எழுதிய நேரத்தினும் அதனை ஆராயும் நேரம் மிகுதியாக இருத்தல் நன்று.

வீட்டில் தமிழும் வீதியில் பிறமொழியும் பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பகுதி மலைப்பாகத் தோன்றலாம். நாள்தோறும் நாளிதழின் தலையங்கம் ஒன்றைப் படித்து, அதன் கருத்தைத் தமிழில் நான்கு வரிகளில் எழுதிப் பார்க்கட்டும். சொல்லை மட்டும் பற்றாமல் பொருளைப் பற்றும் பழக்கம் இதனால் வளரும்.

பெற்றோராகிய நமக்கும் ஒரு கடமையுண்டு. "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்பதை விடுத்து, "இன்று எந்தத் தவறு புரிந்தது?" என்று கேட்போமாக.