வசாய்க் கோட்டையில் நம் சிறுவர்கள்



நம் காலனிப் பிள்ளைகள் பயிலும் ஏழாம் வகுப்பினர், மும்பைக்கு வடக்கேயுள்ள வசாய்க்குக் கல்விச் சுற்றுலா சென்றனர். பெற்றோர் சிலராகிய நாங்களும் துணை சென்றோம். வசாய் ரோடு என்பது நமக்கு வண்டி நிற்கும் ஒரு நிலையம், அவ்வளவே. கடலோரத்துக் கோட்டையைக் கண்டவர் நம்மில் எத்தனை பேர்?

1534-இல் குஜராத் சுல்தான் பகதூர் ஷா அவ்வூரைப் போர்ச்சுகீசியருக்கு அளித்தார். 1739-இல் சிமாஜி அப்பாவின் மராட்டியப் படை அதனைக் கைப்பற்றியது. பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் 1802-இல் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்துகொண்டதும் அங்கேதான். கூரையிழந்த தேவாலயங்கள் இன்றும் நிற்கின்றன. அருகே கோலி மீனவரின் படகுகள்.

"இது நம் பகுதியின் பழம்பெருமை" என்றார் ஆசிரியை. நம் சிறுமி ஒருத்தி, "எங்கள் ஊர் திருநெல்வேலி அல்லவா?" என்று வினவினாள்.

அவ்வினாவிற்கு விடை கூற வேண்டியவர் நாமே. கோடை விடுமுறையில் சில நாள் காணும் ஊரைச் சொந்தம் என்கிறோம். ஆண்டு முழுதும் சோறிடும் மண்ணை அயல் என்கிறோம். பிள்ளைகளுக்கு இரண்டும் உரியன. வீட்டில் தமிழ் ஊட்டுவோம்; வாழும் மண்ணின் வரலாற்றையும் உடன் சென்று காட்டுவோம்.