மாணவிக்கு எப்போது வயது வரும்?



தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். இளங்கலை மாணவர் பெரும்பாலோர் அதற்கும் கீழே. எனவே குடிப்பவர்கள் ஒளிந்துதான் குடிக்கிறார்கள். பையனுக்கு அந்த ஒளிவு சீக்கிரம் தீர்ந்துவிடும், "வயசுப் பசங்க அப்படித்தான்." முப்பதைத் தொட்ட ஆய்வு மாணவி பீர் குடித்தது தெரிந்தாலோ, வார்டன் அவள் அப்பாவுக்குப் போன் போடுவார். ஆதிதிராவிடர் நல விடுதிப் பையன் குடித்தாலும் "அவங்க அப்படித்தான்" என்பார்கள். ஒரே சொல்தான், ஒருவனுக்குச் செல்லம், இன்னொருவனுக்குச் சாதி முத்திரை.

தேசிய குடும்பநல ஆய்வு (2019–21) 15 வயதுக்கு மேற்பட்டோரில் ஆண்கள் 18.8 விழுக்காடும் பெண்கள் 1.3 விழுக்காடும் குடிப்பதாகச் சொல்கிறது. இடைவெளி பெரிதுதான். ஆனால் "ஆம்" என்று சொன்னால் ஆணுக்குத் திட்டு. பெண்ணுக்குப் படிப்பு நின்று கல்யாணம், அதுவும் சொந்த சாதியில். அந்தப் பயத்தையும் சேர்த்தே நான் 1.3-ஐப் படிக்கிறேன்.

குடிக்கச் சொல்லவில்லை, தோழர்களே. ஒரே எடையுள்ள ஆணைவிடப் பெண்ணின் உடலில் நீர் குறைவு. அதே அளவு குடித்தாலும் ரத்தத்தில் மது கூடுதலாக ஏறும். மயங்கிக் கிடக்கும் தோழிக்காக 108-ஐ அழைக்க, விடுதியில் பெயர் கெட்டுவிடுமே என்று அறைத்தோழிகள் தயங்கும் நிமிடங்கள் உயிரைப் பறிக்கக்கூடியவை. அழைத்தவர்மீதும் மயங்கியவர்மீதும் நடவடிக்கை கிடையாது, வீட்டுக்குப் போன் கிடையாது என்று விடுதி விதியில் எழுதச் சொல்லி மனு தயாரித்திருக்கிறோம். கையெழுத்துத் தாள் வாசலருகே மேசையில் இருக்கிறது. பையன்களும் போடலாம்.